ருசி கண்ட பூனை

ஞாயிற்றுக்கிழமை பகல் பன்னிரண்டு மணி. தோசைக்கல்லில் வஞ்சிரத் துண்டுகள் ஒரு பக்கம் சிவந்து, திருப்பிப் போடுகிற நேரம். அதுவரை அழுக்குத்துணிக் கூடையில் சுருண்டு கிடந்த மூன்று மாதப் பூனைக்குட்டி, சோம்பல்கூட முறிக்காமல் அடுப்படிக்கு ஓடி வருகிறது. காலைச் சுற்றுகிறது. கத்துகிறது. கண்டுகொள்ளாவிட்டால் பின்னங்கால்களில் எழும்பி, துணியில் நகத்தை மாட்டி, இடுப்புவரை ஏறிவிடுகிறது. பிய்த்தெடுத்துக் கீழே விட்டால் மேடைமேல் தாவுகிறது. மேடையிலிருந்து இறக்கினால் நமக்கு முன்னால் சாப்பாட்டு மேசைக்குப் போய் உட்கார்ந்துகொள்கிறது. அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்தினாலோ, பிராண்டுகிற சத்தத்தில் யாருக்கும் சோறு இறங்குவதில்லை. கடைசியில் யாரோ ஒருவர், "சனியனே, இந்தா தின்னு" என்று முள் நீக்கிய ஒரு துண்டைக் கீழே போடுகிறார். வீடு அமைதியாகிறது.

குட்டியின் பிடிவாதத்தைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். அந்தக் கடைசித் துண்டைப் பற்றி யாரும் பேசுவதில்லை. இந்த அத்தியாயம் பெரும்பாலும் அந்தத் துண்டைப் பற்றியதுதான். ஆனால் அதற்கு முன் குட்டியின் பக்கத்து நியாயத்தையும் கேட்டுவிட வேண்டும். அது லேசான நியாயமல்ல.

பூனை இறைச்சி தின்றே தீரவேண்டிய பிராணி. நாய் சோற்றையும் பருப்பையும் வைத்து ஓரளவு ஓட்டிவிடும். பூனையின் உடம்பு அதற்கு ஒத்துவராது. டாரின் என்றொரு அமினோ அமிலத்தை நம் உடல் தானே செய்துகொள்கிறது. பூனையின் உடல் தேவைக்குப் போதுமான அளவு செய்வதில்லை. அது கிடைக்காத பூனைக்கு விழித்திரை கெட்டுப் பார்வை போகும் என்பது 1975-இல் தெரியவந்தது. இதயத் தசை தளர்ந்து வீங்கும் என்பது 1987-இல் தெரியவந்தது. டாரின் இருப்பது இறைச்சியிலும் மீனிலும். அரிசியில் கிடையாது, பசும்பாலில் இருப்பது சொற்பம்.

நாக்கும் இதற்கேற்ப அமைந்திருக்கிறது. மனித நாக்கில் சுவை மொட்டுகள் ஒன்பதாயிரம் வரை என்றால், பூனைக்குச் சுமார் 470 தான். அதிலும் இனிப்பு சுத்தமாகத் தெரியாது. 2005-இல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் உள்ள மோனெல் வேதிப்புலன் ஆய்வு மையத்தில் சியா லியும் ஜோசப் பிராண்டும் அவர்கள் குழுவினரும் இதன் காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். இனிப்பை உணரும் ஏற்பி இரண்டு புரதங்கள் சேர்ந்து உருவாவது. அவற்றில் ஒன்றைச் செய்யும் மரபணுவில் பூனைக்கு 247 எழுத்துகள் அழிந்துபோயிருக்கின்றன; மரபணு செயலிழந்து கிடக்கிறது. வீட்டுப் பூனைக்கு மட்டுமல்ல, புலிக்கும் சிறுத்தைக்கும் அப்படித்தான். பால்கோவாவை நக்குகிற பூனை, கொழுப்புக்காக நக்குகிறது. சர்க்கரை போட்டதும் போடாததும் அதற்கு ஒன்றே.

இனிப்புக்கு மூடிய கதவு, இறைச்சிச் சாற்றின் சுவைக்கு அகலத் திறந்திருக்கிறது. வால்தம் என்ற பிரிட்டிஷ் செல்லப்பிராணி ஆய்வு நிறுவனத்தினர் 2023-இல் இதை விளக்கினார்கள். உமாமி எனப்படும் அந்தச் சுவையை உணரும் ஏற்பி பூனையிடம் உண்டு. ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலமும் ஐனோசின் மோனோபாஸ்பேட் என்ற பொருளும் சேர்ந்தால் பூனைகள் அந்தத் தண்ணீரைத் தேடிக் குடித்தன. இவ்விரண்டும் ஏராளமாகச் சேர்ந்திருப்பது சூரை மீனில். மீன்காரம்மா தெருமுனையில் குரல் கொடுக்கும்போதே மாடிப்படியில் இறங்கி வரும் பூனைகளின் அவசரத்துக்குப் பின்னால் இவ்வளவு வேதியியல் இருக்கிறது.

இதே நிறுவனத்தின் இன்னொரு ஆய்வுதான் நம் வீடுகளுக்கு இன்னும் நெருக்கமானது. 2011-இல், பல விகிதங்களில் தயாரித்த உணவுகளைப் பூனைகள் முன் வைத்து, எதை எவ்வளவு தின்கின்றன என்று அளந்தார்கள். விருப்பம்போல் தேர்ந்தெடுக்க விட்டபோது, பூனைகள் தங்கள் ஆற்றலில் ஏறக்குறைய 52 விழுக்காட்டைப் புரதத்திலிருந்தும், 36 விழுக்காட்டைக் கொழுப்பிலிருந்தும் எடுத்துக்கொண்டன. மாவுச்சத்துக்குக் கிடைத்த இடம் 12 விழுக்காடு. மாவுச்சத்து மிகுந்த உணவு மட்டுமே கிடைத்தபோது ஓர் எல்லைக்கு மேல் தின்பதையே நிறுத்திவிட்டன. புரதம் போதவில்லையே என்று கூடுதலாகத் தின்று ஈடுகட்டவில்லை.

இப்போது நம் வீட்டுக் குட்டியின் தட்டைப் பாருங்கள். காலையில் பால். மதியம் பால் சோறு. இரவு தயிர் சோறு, ஓரத்தில் கொஞ்சம் குழம்பு. வயிறு நிரம்பியிருக்கும். "இப்பத்தானே தின்னுச்சு, மறுபடியும் கத்துதே" என்று நமக்கு எரிச்சலாக இருக்கும். கத்துவது வயிறல்ல, தசையும் எலும்பும் வளர்ந்துகொண்டிருக்கிற ஒரு உடம்பு தனக்கு வேண்டியதைக் கேட்கிறது. அந்த வயதில் குட்டி வாரத்துக்கு ஏறக்குறைய 100 கிராம் எடை கூடவேண்டும். எடைக்கு எடை பார்த்தால், வளர்ந்த பூனையைப் போல் இரண்டு பங்குக்கும் மேல் ஆற்றல் தேவை. பால் சோற்றில் வளர்கிற குட்டி மீன் துண்டைப் பறிப்பதைத் திருட்டு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பாலைப் பற்றி ஒரு வார்த்தை. கம்பர் தம் காவியத்தின் அவையடக்கத்தில் தம்மைப் பாற்கடலை நக்கிக் குடித்துவிடப் புறப்பட்ட பூனைக்கு ஒப்பிட்டுக்கொண்டார். அந்தப் பூனை முயற்சியில் கொஞ்சம் வெற்றி பெற்றிருந்தாலும் பேதிதான் கண்டிருக்கும். தாய்ப்பால் மறந்த பூனைகளுக்குப் பாலில் உள்ள லாக்டோஸ் சர்க்கரையைச் செரிக்கும் நொதி குறைந்துபோகிறது. பல பூனைகளுக்குப் பசும்பால் ஒத்துக்கொள்வதில்லை. பூனைக்குப் பால் வைப்பது நமக்குப் பழகிப்போன அன்பு, அவ்வளவுதான்.

குட்டியின் தீராத பசிக்கு வயிற்றுப்புழுவும் ஒரு காரணம். உருளைப்புழுவின் இளம்பருவம் தாய்ப்பால் வழியாகவே குட்டிக்கு இறங்குகிறது. தெருவில் எடுத்த குட்டி, மாடிப்படிக்கடியில் பிறந்த குட்டி எதுவானாலும் வயிறு உப்பி, முதுகெலும்பு தெரிய, எந்நேரமும் பசியோடு அலைந்தால் புழு இருக்கும் என்று வைத்துக்கொள்வதே சரி. இதற்குப் பயிற்சி எதுவும் பலிக்காது. கால்நடை மருத்துவர் எடை பார்த்துத் தரும் மருந்துதான் பலிக்கும்.

எதை உணவென்று எண்ணவேண்டும் என்பதையும் குட்டி கற்றுத்தான் தெரிந்துகொள்கிறது. முதல் ஆசிரியை தாய். 1970-களில் வாண்டா விர்விட்ஸ்கா என்ற ஆய்வாளர் செய்த சோதனை கொஞ்சம் விசித்திரமானது. தாய்ப்பூனைகளின் மூளையில் மெல்லிய மின்தூண்டல் கொடுத்து, வாழைப்பழத்தையும் மசித்த உருளைக்கிழங்கையும் தின்னப் பழக்கினார். பால்குடி மறக்கும் பருவத்துக் குட்டிகள் தாய் தின்பதைப் பார்த்தன. பக்கத்திலேயே இறைச்சி இருந்தும் தாயைப் போலவே வாழைப்பழத்தைத் தின்னத் தொடங்கின. குட்டிகளின் மூளையில் எந்தத் தூண்டலும் இல்லை. அம்மா தின்றாள், நாமும் தின்போம் என்பதோடு சரி. அதற்கு முன், 1969-இல் ஃபிலிஸ் செஸ்லர் வெளியிட்ட ஆய்வில், ஒரு நெம்புகோலை அழுத்தினால் உணவு வரும் என்பதைத் தாயைப் பார்த்துக் கற்ற குட்டிகள் வேறொரு பூனையைப் பார்த்தவற்றைவிட விரைவாகக் கற்றன.

தாயிடமிருந்து பிரித்து நாம் கொண்டுவந்த குட்டிக்கு அந்த ஆசிரியை இடத்தில் இருப்பது நாம். நாம் என்ன தின்கிறோம், எங்கே வைத்துத் தின்கிறோம், எந்தப் பாத்திரத்தைத் திறந்தால் என்ன வாசனை வருகிறது என்று பார்த்துக்கொண்டே இருக்கிறது. இட்லி தின்னும் பூனை, முறுக்கு கடிக்கும் பூனை, தேங்காய்ச் சில்லுக்கு ஓடிவரும் பூனை என்று ஒவ்வொரு தெருவிலும் ஒரு கதை உண்டே, அவையெல்லாம் இந்தப் பள்ளியில் படித்தவை.

அந்தக் கடைசித் துண்டுக்கு வருவோம்.

1898-இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் தார்ண்டைக் என்ற இளைஞர் முனைவர் பட்டத்துக்காக ஓர் ஆய்வேடு எழுதினார். விலங்குகள் எப்படிக் கற்கின்றன என்பதை அளந்து பார்த்த முதல் பெரிய முயற்சி அது. சோதனைக்கு உட்பட்டவை பெரும்பாலும் ஓராண்டு நிரம்பாத பூனைகள். மரச்சட்டங்களை அடித்துச் செய்த கரடுமுரடான பெட்டிகள். நீளம் 20 அங்குலம், அகலம் 15, உயரம் 12. உள்ளே பசித்த பூனை, வெளியே கண்ணெதிரே மீன். ஒரு கயிற்று வளையத்தை இழுத்தால், அல்லது ஒரு தாழைத் தள்ளினால் கதவு திறந்துகொள்ளும்.

பூனை யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. சட்டங்களுக்கிடையே மூக்கை நுழைத்தது, கடித்தது, பிராண்டியது, கிடைத்த இடத்தில் எல்லாம் காலை விட்டது. அந்த அமளியில் தற்செயலாக வளையம் இழுபட்டுக் கதவு திறந்தது. மறுபடி உள்ளே விட்டார். மறுபடி அமளி, இப்போது கொஞ்சம் சுருக்கமாக. தார்ண்டைக் ஒவ்வொரு முறையும் நேரத்தைக் குறித்தார். ஒரு பூனை எளிய பெட்டியிலிருந்து வெளிவர முதல் முறை 160 நொடி எடுத்தது. இருபத்து நான்காவது முறை 7 நொடி. இடையில் ஏற்றமும் இறக்கமும் உண்டு; 30 நொடிக்கு வந்தது அடுத்த முறை 90-க்குப் போயிருக்கிறது. சட்டென்று புரிந்துகொண்ட அடையாளம் எதுவும் அந்தக் கணக்கில் இல்லை. பலன் தந்த செய்கை மெல்ல மெல்ல நிலைத்தது, பலன் தராதவை உதிர்ந்தன. இதைத்தான் பின்னாளில் விளைவு விதி என்று பெயரிட்டு எழுதினார். நம் கிழவிகள் இதையே, "ருசி கண்ட பூனை உறிக்கு உறி தாவும்" என்று ஒரே வரியில் சொல்லியிருந்தார்கள். தார்ண்டைக் அதற்குக் கடிகாரம் வைத்தார்.

அவர் செய்த இன்னொரு சோதனை அதிகம் பேசப்படாதது. சில பூனைகள் தங்கள் உடலை நக்கினால் மட்டும் கதவைத் திறந்துவிட்டார். நக்குவதற்கும் கதவுக்கும் என்ன தொடர்பு? ஒன்றுமில்லை. ஆனாலும் பூனைகள் நக்கத் தொடங்கின. போகப்போக ஒழுங்காக நக்கக்கூட இல்லை. நாக்கை லேசாக ஓட்டிவிட்டுக் கதவைப் பார்த்தன. எந்தச் செய்கையாக இருந்தாலும் சரி, அதன் பின்னால் பலன் வந்தால் அது ஒட்டிக்கொள்ளும் என்பதே இதன் பொருள். நம் குட்டி காலைப் பிராண்டியபோது மீன் விழுந்திருந்தால் பிராண்டல் ஒட்டியிருக்கும். அடித்தொண்டையில் கத்தியபோது விழுந்திருந்தால் கத்தல் ஒட்டியிருக்கும். மேசையோரம் பேசாமல் உட்கார்ந்திருந்தபோது விழுந்திருந்தால், இன்றைக்கு ஒரு சாதுவான குட்டி நமக்கு இருந்திருக்கும். பெரும்பாலான வீடுகளில் சாதுவாக உட்கார்ந்திருக்கும்போது யாருக்கும் குட்டியின் நினைவே வருவதில்லை.

சரி, தப்பு புரிந்தது, இனிமேல் கொடுக்க மாட்டோம் என்று வீடு முடிவெடுக்கிறது. இங்கேதான் விஷயம் சிக்கலாகிறது. திங்களும் செவ்வாயும் கொடுக்கவில்லை. புதன்கிழமை ஊரிலிருந்து வந்த பாட்டி, யாரும் பார்க்காதபோது ஒரு துண்டை மேசைக்கடியில் நீட்டுகிறார்.

"பாட்டி, அதுக்குக் குடுக்காதீங்கன்னு சொன்னேன்ல?"

"வாயில்லா ஜீவன்டா. அது பார்த்துக்கிட்டே இருக்கறப்ப எனக்கு எப்படி எறங்கும்?"

பாட்டியின் மனசுக்குக் குறையொன்றும் இல்லை. ஆனால் குட்டியின் கணக்கில் அந்த ஒரு துண்டின் மதிப்பு மிகப் பெரிது. பி. எஃப். ஸ்கின்னரும் சார்லஸ் ஃபெர்ஸ்டரும் 1957-இல் வெளியிட்ட பெரும் தொகுப்பு நூல், பலன் எப்போதெப்போது கிடைக்கிறது என்பதைப் பொறுத்து நடத்தை எப்படி மாறுகிறது என்பதை ஆயிரக்கணக்கான மணிநேரப் பதிவுகளைக் கொண்டு காட்டியது. ஒவ்வொரு முறையும் பலன் பெற்றுப் பழகிய விலங்கு, பலன் நின்றதும் விரைவில் முயற்சியைக் கைவிடுகிறது. எப்போது கிடைக்கும் என்று சொல்ல முடியாதபடி இடையிடையே பெற்றுப் பழகியதோ லேசில் விடாது. தினமும் கொடுக்கிற வீட்டுக் குட்டியைவிட, "எப்பவாவது ஒருதடவைதான் குடுப்போம்" என்கிற வீட்டுக் குட்டிதான் அதிகப் பிடிவாதமாக இருக்கும். நாம் பிடிவாதம் என்று சொல்வதற்கு ஆய்வுக்கூடத்தில் இருக்கும் செய்முறை இதுதான்; நம் வீடுகளில் அது அறியாமலே நடக்கிறது.

இன்னொரு பொறியும் உண்டு. கொடுப்பதை நிறுத்திய முதல் சில நாட்களில் நடத்தை குறைவதற்குப் பதில் கூடும். அணையப்போகும் விளக்கு சுடர்விட்டு எரியும் என்பார்களே, அதுபோல. கத்தல் உரக்கும், ஏறல் கூடும், இதுவரை செய்யாத புதுச் சேட்டை ஒன்றும் முளைக்கும். பலர் இந்தக் கட்டத்தில் மனம் தளர்ந்து, "இதெல்லாம் வேலைக்காகாது" என்று கொடுத்துவிடுகிறார்கள். அப்படிக் கொடுத்தால், மிக உரக்கக் கத்தினால்தான் கிடைக்கும் என்ற பாடத்தைக் குட்டிக்குக் கற்றுக்கொடுத்து முடித்தோம் என்று ஆகிவிடும்.

நம்மைத் தளரவைக்கும் கருவியும் பூனையிடம் இருக்கிறது. பிரிட்டனின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் கேரன் மெக்கோம்பும் குழுவினரும் 2009-இல் வெளியிட்ட ஆய்வு, உணவு கேட்கும் பூனையின் உறுமலைப் பதிவுசெய்து அலசியது. வழக்கமான தாழ்ந்த உறுமலுக்குள், 220 முதல் 520 ஹெர்ட்ஸ் வரையிலான ஒரு மெல்லிய அழுகைக் குரல் ஒளிந்திருந்தது. பூனையே வளர்க்காதவர்களுக்குக்கூட அந்த ஒலி அவசரமாகவும் எரிச்சலூட்டுவதாகவும் கேட்டது. அழுகைக் கூறை மட்டும் நீக்கி ஒலிக்கவிட்டபோது அந்த அவசரம் குறைந்தது. மனிதக் குழந்தையின் அழுகைக்கு நெருங்கிய அதிர்வெண் இது என்பதை ஆய்வாளர்களே குறிப்பிடுகிறார்கள். பாட்டியைக் குறை சொல்லிப் பயனில்லை.

ஆனால் காலில் உரசுவதெல்லாம் பசி என்று எடுத்துக்கொள்வதும் தவறு. இதற்கு ஒரு நல்ல கதை இருக்கிறது. 1946-இல் அமெரிக்க உளவியலாளர்கள் எட்வின் கத்ரியும் ஜார்ஜ் ஹார்ட்டனும், நடுவில் ஒரு கம்பம் நட்ட பெட்டியில் பூனைகளை விட்டு, கம்பத்தை அசைத்தால் கதவு திறக்கும்படி வைத்தார்கள். ஏறக்குறைய எண்ணூறு முறை பூனைகள் வெளிவருவதைக் கவனித்தார்கள். பூனைகள் கம்பத்தில் உடலை ஒரே மாதிரியாக, அச்சு மாறாமல் உரசின. கற்றல் எவ்வளவு இயந்திரத்தனமானது பாருங்கள் என்று அதைக் காட்டி எழுதினார்கள். முப்பத்து மூன்று ஆண்டுகள் கழித்து, 1979-இல் புரூஸ் மூரும் சூசன் ஸ்டட்டர்டும் அந்தச் சோதனையைத் திரும்பச் செய்தார்கள். இம்முறை கதவும் திறக்கவில்லை, பலனும் இல்லை. மனிதர் பார்வையில் இருந்தபோது பூனைகள் அதே உரசலைச் செய்தன. மனிதர் மறைந்திருந்தபோது செய்யவில்லை. அது தப்பிக்கும் வித்தையே அல்ல. பூனை சொல்லும் வணக்கம். எதிரே நிற்பவர் காலுக்கு எட்டாத தூரத்தில் இருந்ததால், பக்கத்தில் இருந்த கம்பத்தில் உரசியிருக்கிறது. இரண்டு பேராசிரியர்கள் எண்ணூறு முறை பூனையின் வணக்கத்தைப் பெற்றுக்கொண்டு, அதை வேறொன்று என்று எழுதிவைத்தார்கள்.

நாமும் அதைத்தான் செய்கிறோம். வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போது குட்டி காலைச் சுற்றினால், "பசிக்குதா கண்ணு?" என்று நேரே தட்டை எடுக்கிறோம். வந்தவரை வரவேற்க வந்த குட்டி, வரவேற்றால் சோறு கிடைக்கும் என்று தெரிந்துகொள்கிறது. தலையைத் தடவிக்கொடுத்திருந்தாலே போதும்.

அடித்தால் திருந்தாதா? தண்ணீர் தெளித்தால்? "சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது" என்றும் பழமொழி இருக்கிறதே என்று கேட்கலாம். தார்ண்டைக்கும் முதலில் அப்படித்தான் நினைத்தார்; இன்பம் தரும் விளைவு பிணைப்பை வலுப்படுத்தும், துன்பம் தருவது அதே அளவுக்கு வலுக்குறைக்கும் என்று எழுதினார். 1930-களின் தொடக்கத்தில், மனிதர்களிடமும் பிற உயிர்களிடமும் மேலும் சோதித்துப் பார்த்தபின், இரண்டாவது பாதியை அவரே திருத்திக்கொண்டார். தண்டனை, பரிசு அளவுக்கு வேலை செய்யவில்லை என்றார்.

பழமொழி பொய்யல்ல. அடுப்பு தண்டிக்கும் முறையே வேறு. தொட்ட அந்தக் கணத்தில் சுடும்; தொட்ட ஒவ்வொரு முறையும் சுடும்; வீட்டில் ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சுடும். நம்மால் இந்த மூன்றும் முடியாது. மேடையில் ஏறிய குட்டியை நாம் பார்த்து, எழுந்து, வந்து தட்டுவதற்குள் அது மீனை விழுங்கியிருக்கும். பத்து முறை ஏறினால் மூன்று முறைதான் பார்க்கிறோம். அதிலிருந்து குட்டி கற்றுக்கொள்வது தெளிவானது: இவர் இருக்கும்போது ஏறக்கூடாது, இவர் குளிக்கப் போனதும் ஏறலாம். கூடவே, தூக்குகிற கையைக் கண்டால் பதுங்கவும் கற்றுக்கொள்கிறது. பூனைக்கு மனிதர் மேல் நம்பிக்கை பதிகிற பருவம் பிறந்த இரண்டாவது வாரத்திலிருந்து ஏழாவது வாரம்வரை. அதை ஒட்டிய மாதங்களில் பயத்தை ஊட்டினால் பிற்பாடு சரிசெய்வது பெரும்பாடு. குட்டியை அடிக்காதீர்கள் என்பதற்கு இரக்கத்தைத் தவிர வேறு காரணமும் வேண்டுமென்றால், இதோ இதுதான்.

நம் பழைய வீடுகள் அடியை நம்பவில்லை, உறியை நம்பின. விட்டத்திலிருந்து தொங்கும் கயிறு, கீழே பிரிந்து முடிச்சிட்ட வலை, அதில் அடுக்கடுக்காகப் பால் சட்டி, தயிர்ப் பானை, மேலே ஒரு மூடி. சுவரிலிருந்து எட்டாத தூரம், தரையிலிருந்து தாவ முடியாத உயரம். பலன் கிடைக்க வழியே இல்லாமல் செய்துவிட்டால் செய்கை தானே அற்றுப்போகும் என்பதன் கயிற்று வடிவம் அது. இன்றைய சமையலறையில் உறியும் இல்லை, விட்டமும் இல்லை. இரண்டே முக்கால் அடி உயரத்தில் கிரானைட் மேடை. நாலு மாதக் குட்டி ஓடிவராமலே தாவிவிடும் உயரம். பொரித்த மீனை ஒரு தட்டில் வைத்து இன்னொரு தட்டால் மூடினோம் என்று நினைத்துக்கொள்கிறோம். அதைத் தட்டிவிட ஒரு காலே போதும். மூடி இறுக அழுந்தும் எவர்சில்வர் டப்பா, கதவுள்ள அலமாரி, அடைத்து வைத்த மைக்ரோவேவ் அடுப்பு, எச்சில் தட்டை உடனே கழுவும் வழக்கம் — இவைதான் இன்றைய உறி. மேடையில் ஏறினால் ஒருபோதும் எதுவும் கிடைக்காது என்று ஆனபிறகு, ஏறுவதில் குட்டிக்கு ஆர்வம் குறையும். ஒருநாள் ஒரு எலும்புத்துண்டு கிடைத்தாலும் கணக்கு மறுபடி முதலிலிருந்து.

பாத்திரத்தை மூடச் சொல்வதற்கு வேறு காரணமும் இருக்கிறது, அது உயிர்க் காரணம். நம் குழம்பில் வெங்காயமும் பூண்டும் இல்லாமல் இல்லை. இரண்டிலும் உள்ள கந்தகச் சேர்மங்கள் பூனையின் சிவப்பணுக்களைச் சிதைத்து இரத்தசோகையை உண்டாக்கும். பூனையின் ஹீமோகுளோபின் இவ்வகைத் தாக்குதலுக்கு மற்ற பல விலங்குகளுடையதைவிட எளிதில் ஆளாகும். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 5 கிராம் வெங்காயம் போதும், பாதிப்பு தெரிய. இரண்டு மாதக் குட்டியின் எடை ஒரு கிலோகூட இருக்காது. 5 கிராம் என்பது ஒரே ஒரு சின்ன வெங்காயம். வேகவைத்தாலும் வதக்கினாலும் நச்சு போகாது. ஆகவே குழம்பில் கிடந்த மீன் துண்டு, தனியாக வேகவைத்த மீன் துண்டுக்குச் சமமல்ல. சாக்லேட்டும் கூடாது. மீன் முள்ளும் கோழி எலும்பும் தொண்டையில் சிக்கும். இறைச்சிக் கடைப் பொட்டலம் கட்டிய நூல் வாசனைக்காக விழுங்கப்பட்டுக் குடலில் மாட்டிக்கொண்டால் அறுவை சிகிச்சைவரை போகும்.

மீன் கொடுக்கவே கூடாதா என்றால், தாராளமாகக் கொடுங்கள். உப்பு, காரம், வெங்காயம் சேர்க்காமல் வேகவைத்து, முள் எடுத்து, வேகவைத்த தண்ணீரோடு சேர்த்துக் கொடுங்கள். டாரின் தண்ணீரில் கரைந்துவிடும். அதை வடித்துக் கொட்டினால் பாதிப் பலன் சாக்கடைக்குப் போய்விடும். பச்சை மீனை வழக்கமாக்க வேண்டாம். சில வகை மீன்களில் உள்ள ஒரு நொதி வைட்டமின் பி1-ஐச் சிதைக்கிறது. குட்டிகளுக்கென்றே சத்துக் கணக்குப் பார்த்துத் தயாரித்த உணவை அடிப்படையாக வைத்துக்கொண்டு, மீனும் கோழியும் முட்டையும் மேலதிகமாகத் தருவது நல்லது. எங்கே, எப்போது, எந்தத் தட்டில் என்பதில்தான் கண்டிப்பு வேண்டும். குட்டியின் தட்டில், குட்டியின் இடத்தில், நாம் சாப்பிட உட்காருவதற்கு முன். நம் தட்டிலிருந்து, நம் கையிலிருந்து, நாம் சாப்பிடும் நேரத்தில் ஒரு பருக்கையும் கூடாது.

வேளைக் கணக்கும் நம் கணக்கல்ல. எப்போதும் உணவு கிடைக்கும்படி விட்டால் வளர்ந்த பூனை ஒரு நாளில் பத்து முதல் இருபது முறை கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும். எலிகளை வேட்டையாடித் தின்று வாழ்ந்த பரம்பரை. ஓர் எலியில் ஏறக்குறைய 30 கலோரி, ஒரு நாளைத் தள்ள எட்டாவது வேண்டும். ஆறு மாதம்வரை குட்டிக்கு மூன்று நான்கு வேளையாகப் பிரித்துத் தரவேண்டும். அதில் ஒரு வேளை நாம் சாப்பிடுவதற்குக் கால் மணி முன்பாக அமையட்டும். அதற்கும் முன் குச்சியில் துணி கட்டிக் கொஞ்சநேரம் துரத்தவிட்டால் இன்னும் நல்லது. துரத்தி, பிடித்து, தின்று, உடலை நக்கி, தூங்குவது பூனையின் இயல்பான வரிசை. நாம் சோற்றில் கைவைக்கும்போது அது நக்கும் கட்டத்தில் இருக்கும்.

வேட்டை ஆசையும் பசியும் ஒன்றல்ல என்பதை மறக்கவேண்டாம். 1976-இல் ராபர்ட் ஆடமெக் வெளியிட்ட ஆய்வில், தங்களுக்கு மிகப் பிடித்த உணவைத் தின்றுகொண்டிருந்த பூனைகள் எலியைக் கண்டதும் எழுந்துபோய்க் கொன்று, அதைத் தட்டருகே இழுத்துவந்து போட்டுவிட்டு, பழைய உணவையே தொடர்ந்து தின்றன. நம் தட்டிலிருந்து பறந்தோடும் அப்பளத் துண்டின் மேல் வயிறு நிறைந்த குட்டியும் பாயும். அது பசியில் பாய்வதல்ல.

இதற்கு மேலும் ஒன்று செய்ய வேண்டும்: மேசைக்கு வராதே என்று சொல்வதோடு நிற்காமல், எங்கே போகவேண்டும் என்று காட்டவேண்டும். சாப்பாட்டு அறையில் சற்றுத் தள்ளி ஒரு முக்காலி, மேலே பழைய துண்டு. பூனைக்கு உயரம் பிடிக்கும். நடப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கவும் பிடிக்கும். சாப்பாடு இல்லாத நேரத்தில் அதன்மேல் ஏறினால் நாக்கால் ஒரு சொடுக்கு, உடனே அதன் உணவில் ஒரு சிறு துணுக்கு. ஏற ஏறச் சொடுக்கு, துணுக்கு. பிறகு ஏறி உட்கார்ந்தால் மட்டும். பிறகு சற்று நேரம் உட்கார்ந்தால் மட்டும். தார்ண்டைக்கின் பூனை உடலை நக்கக் கற்றதே, அதே விதிதான் முக்காலிக்கும். நாம் சாப்பிடும்போது முக்காலியிலேயே இருந்துவிட்டால், சாப்பாடு முடிந்து கைகழுவியபின் அங்கேயே, அதன் தட்டில், பரிசு. உணவை ஒளித்துத் தேடவைக்கும் பொம்மைகள் இப்போது கடைகளில் நிறைய வருகின்றன. சில குட்டிகளுக்கு அவை நல்ல பொழுதுபோக்கு. ஆனால் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம்; கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் மிக்கேல் டெல்காடோ குழுவினர் 2021-இல் 17 பூனைகளிடம் சோதித்தபோது, உழைத்துத் தின்னும் உணவையும் சும்மா கிடைக்கும் உணவையும் பக்கம்பக்கமாக வைத்தால் அவை சும்மா கிடைத்ததைத்தான் அதிகம் தின்றன. பல விலங்குகள் உழைப்பதை விரும்பும். பூனை நேரே சோற்றுக்குப் போகிறது.

எல்லாம் சரியாகச் செய்தும் அடங்காத குட்டிகளும் உண்டு. இத்தாலியின் படுவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012-இல் ஒரு சயாமியப் பூனையைப் பற்றி எழுதினார்கள். எட்டு மாத ஆண் குட்டி. அளவில்லாத பசி, உணவல்லாத பொருட்களையும் விழுங்கியது, உணவைக் கண்டால் சீறிப் பாய்ந்தது, வளர்ப்பவர்களைச் சற்றும் விடாமல் நச்சரித்தது. உடலில் இதற்கு விளக்கமாக நோய் எதுவும் அகப்படவில்லை. உணவைக் கண்டாலும் பதறாமல் இருக்கப் படிப்படியாகப் பழக்கும் நடத்தைச் சிகிச்சை கொடுத்தார்கள். ஐந்து மாதத்தில் அது சாதாரணப் பூனையைப் போல் சாப்பிடத் தொடங்கியது. நம் மூன்று மாதக் குட்டியின் பிடிவாதம் இந்த அளவுக்கு முற்றியதல்ல. வீட்டில் இருக்கும் அத்தனை பேரும் ஒரே மாதிரி நடந்துகொண்டால் சில வாரங்களில் வித்தியாசம் தெரியும். மண், துணி, பிளாஸ்டிக் என்று தின்றாலோ, நன்றாகத் தின்றும் எடை ஏறாவிட்டாலோ, அடிக்கடி வாந்தி பேதி இருந்தாலோ காத்திருக்காமல் பக்கத்துக் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோங்கள். அங்கே மருத்துவர் குட்டி என்ன சாப்பிடுகிறது என்று கேட்பார். அதன் தட்டில் வைத்ததை மட்டும் சொல்லாமல், மேசைக்கடியில் யார் யார் எதைக் கொடுத்தார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.